அந்த ஓட்டையை அடைக்க நான் கையெழுத்துப் போடவில்லை

1. முதல் நாள் எழுதிய ஃபார்ம்

மியூசியத்தில் கேலரி அட்டெண்டன்டாகச் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு பிழை விட்டேன். அதைத் திருத்த எனக்கு ஏழு மாதம் போனது. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் சிலர் என்னிடம், "அங்கிள், எதில கவனமா இருக்க வேணும்?" என்று கேட்பதுண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் பதினொரு வருசம் ஹோட்டல் கிச்சினில் நின்றேன். லண்டன் வந்து ஸ்ட்ரெதமில் பெற்றோல் ஸ்டேஷன், பிறகு மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பெட்டி தூக்கல். முழங்கால் தேய்ந்த பிறகு ஏஜென்சிக்காரர் இந்த வேலையைத் தந்தார். வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். பெரிய மியூசியம் இல்லை. பெயரும் வேண்டாம்.

அட்டெண்டன்ட் வேலை பார்வைக்குச் சும்மா நிற்பதுபோல இருக்கும். ஆனால் கதவு திறக்கும் முன் 'கன்டிஷன் செக்' என்று ஒன்று உண்டு. டோர்ச் லைட்டோடு ஒவ்வொரு கண்ணாடிக் கேஸையும் சுற்றிப் பார்க்க வேண்டும். வெடிப்பு, உடைவு, பூச்சி எது கண்டாலும் டேமேஜ் ஃபார்மில் எழுத வேண்டும். எனக்குத் தந்தது மேல்மாடியில் ஆசியக் கேலரி. அதன் நடுக் கேஸில் பத்தடி நீளமும் ஒரு சாணுக்கும் குறைந்த அகலமுமான ஒரு மரச் சாமான் இருந்தது. ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. முன்பக்கம் வாய் திறந்த நாகத்தின் தலை, பின்பக்கம் மேலே வளைந்த வால், வெளியெல்லாம் பொன் பூச்சு. லேபலில் 'விழாப் படகு, சீயம்' என்று இருந்தது. சீயம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர்.

அன்று காலை பிள்ளையாரை நினைத்துக்கொண்டு டோர்ச்சை அடித்தேன். நாகத்தின் கழுத்தடியில், படகின் அடிப்பாகத்தில், இரண்டு விரல் நுழையக்கூடிய ஓட்டை. படகில் ஓட்டை என்றால் டேமேஜ்தானே. எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் டியூட்டி மேனேஜர் குணா மலேசியத் தமிழ்ப் பிள்ளை. இங்கே படிக்க வந்து அப்படியே தங்கிவிட்டவன். ஃபார்மைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷம்.

"பத்து வருஷமா ஒருத்தரும் இத எழுதல லா. வந்த மொத நாளே புடிச்சிட்டீங்க. செம கண்ணுண்ணே உங்களுக்கு."

வீட்டுக்குப் போய்ச் சாமி அறையில் கற்பூரம் கொளுத்தினேன்.

2. சப்பாத்தைக் கழற்றிய பெண்

ஒரு வியாழக்கிழமை மத்தியானம். அறுபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், நடுக் கேஸுக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறும் காலோடு நின்றார். பார்வையாளர் சப்பாத்தோடு இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. பக்கத்தில் போய்ப் பணிவாகச் சொன்னேன். அவருக்கும் எனக்கும் இங்கிலிஷ் அரைகுறைதான். பேசியதை என் தமிழில் தருகிறேன்.

"சாமிக்கு முழுக்காட்டுற சாமானுக்கு முன்னால சப்பாத்தோட எப்பிடி நிக்கிறது?" என்றார்.

"இது படகு அம்மா. லேபலில கிடக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படகோ? இதுக்குள்ள ஒரு பூனை இருக்க ஏலுமோ? எந்த ஊரில அடியில ஓட்டை போட்டுப் படகு செய்யிறவங்கள்?"

அவர் பெயர் பூன்மி. லாவோஸ் நாட்டவர். அவர்களுடைய புத்தாண்டும் எங்களுடையதைப் போலவே சித்திரை பிறக்கும்போது வருகிறது. அன்றைக்குக் கோயிலில் இந்த மரத்தைக் கால் நட்டு உயரத்தில் வைப்பார்களாம். சனங்கள் வால் பக்கம் பூவும் வாசனையும் போட்ட தண்ணீரை ஊற்றுவார்கள். அது மரத்தின் உள்ளே ஓடி வந்து, நாகத்தின் கழுத்தடி ஓட்டையால் கீழே இருக்கும் புத்தர் சிலையின் தலையில் விழும். யாரும் சிலையைக் கையால் தொடுவதில்லை. ஏழையும் பணக்காரனும் ஒரே மரத்தில்தான் ஊற்றுவார்கள்.

நாற்பது வருசமாக ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில் கோமுகைக்குக் கீழே கையேந்தித் தீர்த்தம் வாங்குகிறவன் நான். அபிஷேகத் தண்ணீர் வந்து விழுகிற வாயை எனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. லேபலில் படகு என்று இருந்ததால் என் கண்ணும் படகையே பார்த்தது.

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். அவர் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். திரும்பியும் பார்க்கவில்லை.

"தீர்த்தத்துக்கு எல்லாரையும் இடிச்சுக்கொண்டு முன்னுக்குப் போற மனிசன், ஓட்டையைக் கண்டுட்டு டேமேஜ் எண்டு எழுதினவராம். முருகன் சிரிச்சிருப்பார்."

3. இரண்டு கரையும்

பூன்மி ஒவ்வொரு வியாழனும் வருவார். அன்றுதான் அவருக்கு வேலை லீவு. முப்பது வருசத்துக்கு மேலாக ஒரு தாய் ரெஸ்ரோரன்ட் கிச்சினில் சமைக்கிறார். ஒரு நாள் மியூசிய வரைபடத்தின் பின்பக்கத்தில் ஒரு கோடு கீறினார்.

"இது மேகொங் ஆறு. ஒரு காலம் இதின்ர ரெண்டு கரையும் எங்கட. லான் சாங் எண்டு பேர். பத்து லட்சம் யானை எண்டு அர்த்தம்."

"எண்ணிப் பாத்தவையோ?"

"ராசா சொன்னா எண்ணத் தேவையில்லை."

பிறகு அந்த ராச்சியம் மூன்றாக உடைந்தது. உடைந்த வீட்டுக்குள் பக்கத்து வீட்டுக்காரன் வந்தான். சீயத்துப் படை வந்து வியன்டியன் நகரத்திலிருந்த பச்சைக் கல் புத்தரைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தப் புத்தர் இன்றைக்கும் பாங்கொக்கில்தான் இருக்கிறார். வியன்டியனின் கடைசி ராசா எதிர்த்து எழும்பினார். சீயத்தார் திரும்ப வந்து நகரத்தை எரித்தார்கள். சனங்களைக் கூட்டங்கூட்டமாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். ராசாவைக் கூட்டில் அடைத்துச் சந்தியில் வைத்தார்கள். அவர் அதிலேயே செத்தார்.

"புத்தகங்களில தோத்த ராசா எண்டு கிடக்கும்," என்றார் பூன்மி. "எங்களுக்கு அவர் தோத்தவர் இல்லை. தலை குனியாமச் செத்தவர்."

அதன் பிறகு பிரெஞ்சுக்காரர் வந்தார்கள். ஆற்றையே எல்லையாக வைத்தார்கள். இன்று ஆற்றின் இந்தப் பக்கம் நாட்டில் இருக்கிற லாவோ சனத்தை விட, அந்தப் பக்கம் தாய்லாந்துக்குள் இருக்கிற லாவோ பேசும் சனம் பல மடங்கு அதிகமாம். பிரெஞ்சுக்காரர் போன பிறகு பக்கத்து நாட்டுச் சண்டை இவர்கள் தலையில் விழுந்தது. வருசக்கணக்காக அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. வெடிக்காத குண்டுகள் இன்றும் வயல்களில் கிடக்கின்றன. மண்வெட்டி போடவே பயம். கடைசியில் ராசாங்கம் மாறியது. பூன்மியின் தகப்பனை "படிப்பிக்கிறோம்" என்று முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. பூன்மி பதினாறு வயதில் தாயோடு ஆற்றைக் கடந்து, அகதி முகாம், பிரான்ஸ், பிறகு லண்டன்.

எரிந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு மற்றவர் ஊர் எரிந்த கதை விளங்கும்.

இன்னொரு நாள் அவர் நாட்டின் தெற்கில் ஒரு மலை இருப்பதைச் சொன்னார். அதன் உச்சி இயற்கையாகவே சிவலிங்கம்போல இருக்குமாம். அடிவாரத்தில் பழைய காலத்துச் சிவன் கோயில். பாறையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் கல் வாய்க்காலால் ஓடி வந்து லிங்கத்தின்மேல் விழும்படி கட்டியிருந்தார்களாம். இப்போது அங்கே புத்தர் இருக்கிறார். சனங்கள் அந்த ஊற்றுத் தண்ணீரை இன்றும் தலையில் தெளிக்கிறார்கள்.

"உங்கட சாமியும் எங்கட மலையில குளிச்சவர்," என்றார்.

கேலரியில் நின்றபடியே கண்ணை மூடிக் கும்பிட்டேன். இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி ரேடியோவில் குணா என்னைக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

போகும்போது பூன்மி சொன்னது இது: "நான் வேலை செய்யிற இடத்தில எங்கட பப்பாசிச் சம்பலை, எங்கட சோத்தை, எல்லாத்தையும் தாய் சாப்பாடு எண்டுதான் விக்கிறது. வயித்துக்காக அதை விட்டுக் குடுத்தன். இதை விடமாட்டன்."

4. ஒரே கமெண்ட்

பூன்மி மியூசியத்துக்கு மூன்று இமெயில் எழுதியிருந்தார். மூன்றுக்கும் ஒரே பதில். உங்கள் கருத்துக்கு நன்றி, அடுத்த மீளாய்வில் கவனிப்போம்.

எங்களிடம் ஒரு தடித்த லொக் புத்தகம் உண்டு. பார்வையாளர் ஒரு பொருளைப் பற்றி என்ன சொன்னாலும் அதில் எழுத வேண்டும் என்பது விதி. நான் எழுதத் தொடங்கினேன். 'இது படகு இல்லை, லாவோ நாட்டுத் தண்ணீர்த் தாரை, ஓட்டை டேமேஜ் இல்லை என்று பார்வையாளர் சொன்னார்.' ஒவ்வொரு வியாழனும் அதே வரி. டேமேஜ் ஃபார்மை வாபஸ் வாங்க ஒரு ஃபார்ம் இருக்கிறதா என்றும் கேட்டேன். இல்லை என்றார்கள்.

குணா என்னை ஒஃபிசுக்குக் கூப்பிட்டான்.

"என்னாண்ணே இது? ஒரே கமெண்ட்ட பதினேழு தடவ எழுதியிருக்கீங்க."

"அவ பதினேழு தரம் சொன்னவ, தம்பி. ரூல் புக்கில அப்பிடித்தானே கிடக்கு."

"நீங்களும் எல்லார்கிட்டயும் இது படகு இல்லன்னு சொல்றீங்களாமே. ஸ்கூல் பிள்ளைங்ககிட்டகூட. அண்ணே, உங்க வேல நிக்கிறது. பேசறது இல்ல."

"கேட்டவைக்குத்தான் சொன்னனான்."

"கேக்காதவங்களுக்கும் சொல்லியிருக்கீங்க லா. கம்ப்ளெயின்ட் வந்திருக்கு."

அது உண்மை. கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

பிறகு குணா குரலைத் தாழ்த்தினான். அடுத்த வருசம் 'சீயத்துப் படகுகள்' என்று பெரிய எக்ஸிபிஷன் வரப்போகிறது. இந்தச் சாமான்தான் நுழைவாயிலில் முதலாவதாக நிற்கும். அதற்குப் புத்தகமும் அச்சாகிறது. அதற்கு முன் பழுது பார்க்கிற கன்சர்வேஷன் ஆட்கள் வந்து ஓட்டையை மெழுகும் மரத்தூளும் வைத்து அடைத்து, மேலே பொன் நிறம் பூசப்போகிறார்கள். காரணம், டேமேஜ் ஃபார்ம். கீழே என் கையெழுத்து.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அதையே நினைத்தேன். சீயம் அவர்களுடைய புத்தரைக் கொண்டுபோனது, நகரத்தை எரித்தது, சனத்தைக் கொண்டுபோனது. மிஞ்சியிருந்தது அந்தத் தண்ணீர் போகிற வழி. அதை அடைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவன், வெள்ளிக்கிழமை விரதகாரனான நான்.

5. கையெழுத்து

ஒரு கேஸைத் திறந்து சாமானை வெளியே எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். எடுப்பவர் ஒருவர். அன்றைய ரோட்டாவில், அதாவது டியூட்டிப் பட்டியலில், அந்தக் கேலரியில் நிற்கும் அட்டெண்டன்ட் மற்றவர். அது செவ்வாய்க்கிழமை. ரோட்டாவில் என் பெயர். கன்சர்வேஷன் பெண் ட்ரொலியோடு வந்து பேப்பரை நீட்டினார்.

"நான் சைன் பண்ண மாட்டன்," என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு ரேடியோவில் குணாவைக் கூப்பிட்டார்.

"அண்ணே, விளையாடாதீங்க. போடுங்க."

"ஏலாது தம்பி."

"வேல போயிரும்ண்ணே. ஏஜென்சி ஆளு நீங்க. ஒரு ஃபோன் பண்ணா போதும்."

"போகட்டும். பெட்டி தூக்கினவன் திரும்பப் பெட்டி தூக்குவன். இந்தப் பேப்பரில என்ர பேர் ரெண்டாந்தரம் வராது."

குணா பெருமூச்சு விட்டான். கன்சர்வேஷன் பெண், வேறு ஒரு அட்டெண்டன்டைப் போட்டுக் கையெழுத்து வாங்கலாமே என்று கேட்டார். குணா மணிக்கூட்டைப் பார்த்தான். எல்லோரும் டீ பிரேக்கில் இருக்கிறார்கள் என்றான். எங்கள் வரலாற்றில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டீ பிரேக் கிடைத்தது அன்றுதான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கியூரேட்டருக்கு ஃபோன் எடுத்தான்.

ஆசியக் கேலரிச் சாமான்களுக்குப் பொறுப்பான கியூரேட்டர் ஹெலன். நல்ல மனிசி, ஆனால் வேலை அதிகம். வருசத்தில் இரண்டு தரம்தான் மேலே வருவார். வேகமாகப் படியேறி வந்தார். பூன்மியின் இமெயில்களையும் நான் எழுதிய லொக் புத்தகத்தையும் பார்த்திருப்பதாக இங்கிலிஷில் சொன்னார். "ஆனால் இதைக் கொடுத்தவர் கைப்பட எழுதிய பதிவு எங்களிடம் இருக்கிறது. அந்தக் காலத்து அதிகாரி. அவர் சீயத்துப் படகு என்று எழுதியிருக்கிறார்."

"மேடம், நானும் ஒரு பேப்பர் எழுதினனான். டேமேஜ் எண்டு. அது பிழை எண்டு நான் இப்ப உங்கட முகத்துக்கு நேர சொல்லுறன். நான் எழுதினது பிழையா இருக்க ஏலுமெண்டால், உங்கட அதிகாரி எழுதினது மட்டும் எப்பிடிப் பிழையில்லாமல் இருக்கும்?"

எனக்கு வந்த இங்கிலிஷில் இதை எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. ஆனால் அவர் நின்றார்.

டோர்ச்சை அவர் கையில் கொடுத்தேன். "நான் இதை ஒவ்வொரு நாள் காலமையும் பாக்கிறன். நீங்களும் ஒருக்காக் குனிஞ்சு பாருங்கோ. படகு எண்டால் தண்ணி வெளியால பட்டிருக்க வேணும். வெளியில பொன் பூச்சு அப்பிடியே கிடக்கு. உள்ளுக்குப் பாருங்கோ. வாலிலயிருந்து ஓட்டை மட்டும் மரம் கறுத்துக் கிடக்கு. இது உள்ளுக்கு நனைஞ்ச சாமான்."

ஹெலன் முழங்காலில் இருந்தார். டோர்ச் வெளிச்சம் வாலிலிருந்து கழுத்துவரை மெதுவாகப் போனது. திரும்ப வந்தது. விளிம்பில் வரிசையாகச் சிறிய கரிப் புள்ளிகள். துடுப்பு வைத்த தடம் என்று பழைய பதிவில் இருந்ததாம்.

"அது மெழுகுதிரி ஏத்தின இடம்," என்றேன். பூன்மி எனக்குக் காட்டித் தந்தது. "துடுப்பு நெருப்பு வைக்காது."

எவ்வளவு நேரம் அவர் அங்கே இருந்தார் என்று தெரியாது. நான் மனதுக்குள் சரவணபவ சொல்லிக்கொண்டு நின்றேன். எழும்பும்போது அவர் உடுப்பின் முழங்கால் தூசியாக இருந்தது. தட்டவும் இல்லை.

"ட்ரொலியைக் கீழே கொண்டுபோங்கள்," என்றார். பிறகு என்னிடம்: "அந்தப் பெண் எந்தக் கிழமையில் வருவார்?"

"வியாழன்."

"நான் வியாழன் இங்கே இருப்பேன்."

6. சித்திரை

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேலதிகாரியின் சொல்லைக் கேட்கவில்லை, பார்வையாளரிடம் அனுமதியில்லாமல் விளக்கம் சொன்னார். இரண்டும் நான் செய்ததுதான். குணா இரண்டு கையாலும் கடிதத்தைத் தந்தான்.

"ஆறு மாசம் ஃபைல்ல இருக்கும்ண்ணே. அப்புறம் எடுத்துருவாங்க."

"எடுக்க வேண்டாமெண்டு சொல்லு தம்பி. அந்த ஃபைலில டேமேஜ் ஃபார்ம் கிடக்கு. பக்கத்தில இதுவும் கிடக்கட்டும்."

கடிதத்தை வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துத் திருநீறு போட்டேன். மனைவி பார்த்தார். அன்றைக்கு அவர் ஒரு பகிடியும் விடவில்லை.

எக்ஸிபிஷன் இந்தச் சாமான் இல்லாமல் நடந்தது. ஹெலன் சொன்னபடியே வியாழன் வந்து பூன்மியிடம் எல்லாம் கேட்டு எழுதினார். புதிய லேபல் வரப் பங்குனி முடிந்தது. 'தண்ணீர்த் தாரை. லாவோ. புத்தாண்டில் புத்தர் சிலைகளை நீராட்டுவதற்கு. முன்பு சீயத்துப் படகு என்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது.' கடைசி வரியை வைக்க வேண்டும் என்று பூன்மி பிடிவாதமாக நின்றாராம். பிழையும் தெரிய வேண்டும் என்றாராம்.

புத்தாண்டு வாரத்தில் அவர் வந்தார். லேபலை மூன்று தரம் வாசித்தார்.

"மெழுகுதிரியைப் பற்றி எழுதேல்லை," என்றார்.

"கமெண்ட் எழுதவோ?"

"எழுது."

எழுதினேன்.

கேலரிக்குள் தண்ணீர் கொண்டுவர விடமாட்டோம். அதனால் என் பிரேக் நேரத்தில் வெளிப் படிக்கட்டில் நின்றோம். அவர் பைக்குள்ளிருந்து ஒரு போத்தல் எடுத்தார். தண்ணீரில் மல்லிகை மிதந்தது. என் இரண்டு கையையும் ஏந்தச் சொல்லி ஊற்றினார். நான் பழக்கதோசத்தில் மூன்று தரம் உறிஞ்சிக் குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவினேன். சென்ட் கலந்த தண்ணீர். வாயெல்லாம் எரிந்தது.

பூன்மி படிக்கட்டில் இருந்துவிட்டார், சிரிப்புத் தாங்காமல். "அது குடிக்கிறதில்லை. உன்ர பாவம் கழுவுறதுக்கு."

"பாவம் உள்ளுக்கும் கிடந்தது," என்றேன்.

போன வருசம் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒரே ஒரு விசயம் இருக்கிறது. லேபலை வாசிக்கும் முன் சாமானைப் பாருங்கள். சாமானுக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றுகிறவர் யாரும் வந்தால் அவரிடம் கேளுங்கள். தெரியாமல் பிழையாக எழுதிவிட்டால், அதைத் திருத்த ஒரு ஃபார்ம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அப்படி ஒரு ஃபார்ம் இல்லை. நீங்களே போய் அந்தக் கேஸுக்கு முன்னால் நில்லுங்கள். நிற்கிறதுக்குத்தானே எங்களுக்குச் சம்பளம்.